திறமூலத் திட்டங்களில் முடிவெடுப்பவர் யார்? புதிதாகப் பங்களிக்க வருபவருக்கு ஒரு வழிகாட்டி

திறமூல மென்பொருள் ஒன்றின் நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். அந்த உரிமையை மென்பொருளின் உரிமம் தருகிறது. ஆனால் நீங்கள் செய்த மாற்றம் அந்தத் திட்டத்தின் அடுத்த வெளியீட்டில் இடம்பெறுமா என்பதைப் பற்றி உரிமம் ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சில மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் யார், அந்த அதிகாரம் அவர்களுக்கு எப்படி வந்தது, அவர்கள் மறுத்தால் யாரிடம் முறையிடலாம் என்று அறியாமலேயே புதியவர்கள் பலர் நிரல் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். வாரக்கணக்கில் உழைத்து அனுப்பிய மாற்றம் பதிலின்றிக் கிடக்கும்போது, தம் திறமையில்தான் குறை என்று எண்ணி விலகியும் விடுகிறார்கள். உண்மையில் அந்த மாற்றம் அதை ஏற்கும் அதிகாரம் உள்ளவரின் கண்ணிலேயே பட்டிருக்காது, அல்லது முதலில் விவாதித்து ஒப்புதல் பெறவேண்டிய ஒன்று நேரடியாக நிரலாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒரு திட்டத்தின் தலைவர் யார் என்று தேடுவதைவிட, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, அந்தச் சொல்லை யார் மாற்றமுடியும் என்று தேடுவது புதியவருக்கு அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தத் தேடலையே ஒட்டி அமைந்துள்ளன.

படி 1: திட்டத்தின் சொத்துகள் யார் கையில் உள்ளன என்று பாருங்கள்

திறமூலத் திட்டத்துக்கும் சொத்துகள் உண்டு. திட்டத்தின் பெயரும் வணிகச்சின்னமும், இணைய முகவரி, நிரல் சேமிக்கப்படும் களஞ்சியத்தின் நிர்வாகக் கணக்கு, வெளியீடுகளில் கையொப்பமிடும் சாவி, நிரலின் பதிப்புரிமை ஆகியவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடமே இறுதி வலிமை இருக்கும். விதிமுறைகள் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், ஒரு பெரிய பிளவு வரும் நாளில் இந்தச் சொத்துகளே பேசும். 2010இல் ஓபன்ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் உரிமையாளரான சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியபின், அந்த மென்பொருளின் சமூகத்தினர் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் டாக்குமென்ட் பவுண்டேஷன் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். நிரலை அவர்களால் எடுத்துச் செல்லமுடிந்தது. பெயர் ஆரக்கிளிடம் இருந்ததால் அதை எடுத்துச் செல்லமுடியவில்லை. லிப்ரேஆபீஸ் என்ற புதிய பெயர் அப்படித்தான் வந்தது.

பங்களிக்கும்போது நீங்கள் எதில் கையொப்பமிடுகிறீர்கள் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான லினக்ஸ் கெர்னல் 2004 முதல் பின்பற்றும் முறையில், ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்ற வரியில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்கவேண்டும். இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது, அவ்வளவுதான். வேறு சில திட்டங்கள் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பம் கேட்கும். அந்த ஒப்பந்தம் இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றுடன் என்றால் ஒரு பொருள், தனி நிறுவனம் ஒன்றுடன் என்றால் வேறு பொருள். உங்கள் நிரலை வேறு உரிமத்தின் கீழ் வெளியிடும் அதிகாரத்தை அந்த ஒப்பந்தம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெர்ராஃபார்ம் மென்பொருளைத் திறமூல உரிமத்திலிருந்து வணிகக் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாற்றியது. அதை ஏற்காதவர்கள் பழைய நிரலிலிருந்து ஓபன்டோஃபு என்ற கிளைத்திட்டத்தைத் தொடங்க, அடுத்த மாதமே அது லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் சேர்ந்தது. பங்களித்தவர்களிடம் கேட்டுத்தான் உரிமத்தை மாற்றவேண்டும் என்ற கட்டாயம் அந்த நிறுவனத்துக்கு இருக்கவில்லை.

படி 2: எழுதப்பட்ட விதிகளைத் தேடுங்கள், இல்லையென்றால் வரலாற்றைப் படியுங்கள்

களஞ்சியத்தின் முதல் பக்கத்திலேயே ‘கவர்னன்ஸ்’, ‘மெயின்டெய்னர்ஸ்’, ‘கான்ட்ரிபியூட்டிங்’, ‘ஓனர்ஸ்’ போன்ற பெயர்களில் கோப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பைதான் நிரல்மொழியின் ஆட்சிமுறை பிஇபி 13 என்ற ஆவணத்தில் உள்ளது. லினக்ஸ் சார்ந்த இயங்குதளமான டெபியன் தன் விதிகளை அரசமைப்பு என்றே அழைக்கிறது. பல கணினிகளில் மென்பொருளை இயக்கி நிர்வகிக்கும் கருவியான குபர்னெடிஸ், கோப்புறைகளில் அந்தந்தப் பகுதியின் மாற்றங்களைச் சரிபார்ப்பவர்கள் யார், ஒப்புதல் தருபவர்கள் யார் என்று தனித்தனியே பட்டியலிடுகிறது.

சிறிய திட்டங்களில் இவை எதுவும் இருக்காது. அப்போது நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாறு உங்களுக்கு உதவும். கடைசியாக இணைக்கப்பட்ட ஐம்பது மாற்றங்களை எடுத்துக்கொண்டு, எழுதியவர் யார் என்பதோடு இணைத்தவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இணைத்தவர் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தால், எழுதப்படாத விதி உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இணைக்கப்படாமல் மூடப்பட்ட கோரிக்கைகளையும் சிறிது படியுங்கள். மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அந்தத் திட்டம் எதை மதிக்கிறது என்பது, ஏற்கப்பட்டவற்றைவிடத் தெளிவாகத் தெரியும்.

படி 3: எந்த வகை ஆட்சிமுறை என்று இனங்காணுங்கள்

வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சில திட்டங்களின் நடைமுறையை அறிந்திருந்தால், புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது அது எதைப் போன்றது என்று சொல்லிவிடலாம்.

முதலில் ஒற்றைத் தலைவர் முறை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில், முதன்மைக் களஞ்சியத்தில் எது சேரும் என்பதில் இறுதிச் சொல் இன்றும் அவருடையது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு உங்கள் மாற்றத்தை அவருக்கே அனுப்பினால் பயனில்லை. கெர்னல் நூற்றுக்கணக்கான துணைப்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பாளர் யார், எந்த மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்பது ‘மெயின்டெய்னர்ஸ்’ கோப்பில் எழுதப்பட்டுள்ளது. நீங்கள் தொட்ட கோப்புக்குரியவர் யார் என்று சொல்லும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றும் மூலநிரலோடேயே வருகிறது. துணைப்பகுதிப் பராமரிப்பாளர் ஏற்றதை மேல்நிலைப் பராமரிப்பாளர் திரட்டுவார். திரட்டியவற்றை டோர்வால்ட்ஸ் இரண்டு வார இணைப்புக் காலத்தில் எடுத்துக்கொள்வார். பின்னர் ஏறத்தாழ ஏழு வாரங்கள் பிழை நீக்கத்துக்கு ஒதுக்கப்படும். தலைவர் ஒவ்வொரு வரியையும் படிப்பதில்லை. யாரை நம்பலாம் என்பதையே அவர் முடிவு செய்கிறார். 2018இல் அவர் சிறிது காலம் விலகியிருந்தபோது 4.19 பதிப்பை கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார், வேலை தடைப்படவில்லை. ஆகவே இங்கே உங்களுக்கு முதலில் ‘வேண்டாம்’ சொல்லக்கூடியவர் துணைப்பகுதிப் பராமரிப்பாளர்தான். அவருடைய நம்பிக்கையைப் பெறுவதே உங்கள் வேலை.

அடுத்து, ஒற்றைத் தலைவரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்கு மாறிய பைதான். இந்த மாற்றத்தைப் புதியவர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன், ஏனெனில் அதிகாரம் கைமாறுவதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறு நிகழ்வு திறமூல உலகில் அரிது. மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், பிஇபி 572 என்ற முன்மொழிவை ஒட்டி எழுந்த கடுமையான விவாதத்துக்குப் பின், 2018 ஜூலை 12 அன்று முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த முன்மொழிவு ஏற்கப்பட்டதுதான். அதற்காகப் போராட நேர்ந்த விதமே அவரைச் சோர்வடையச் செய்தது. வாரிசு ஒருவரை அவர் நியமிக்கவில்லை. எப்படி ஆளவேண்டும் என்பதை மைய உருவாக்குநர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். பல மாதங்கள் விவாதித்து, ஏழு மாதிரிகளை எழுதி, 2018 டிசம்பரில் அவர்கள் வாக்களித்தார்கள். வென்ற மாதிரிப்படி ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்குப் பின்னும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஒரே நிறுவனத்தில் பணிபுரிபவர்கள் இருவருக்கு மேல் அதில் இருக்கக்கூடாது. குழுவுக்கு விரிந்த அதிகாரங்கள் உண்டு; அவற்றை இயன்றவரை பயன்படுத்தாமல் ஒருமித்த கருத்தை நாடவேண்டும் என்று அதே ஆவணம் அறிவுறுத்துகிறது. வாக்களிக்கும் மைய உருவாக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நம்பிக்கையில்லை என்றால் குழுவை நீக்கவும் வழி உண்டு. முதல் குழுவுக்கு வான் ராசமும் தேர்ந்தெடுக்கப்பட்டார், ஐவரில் ஒருவராக.

டெபியன் இன்னொரு திசையில் சென்றது. 1993இல் தொடங்கிய அந்தத் திட்டம் 1998இல் அரசமைப்பை ஏற்றது. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் அவர் யாருக்கும் வேலையை ஆணையிட முடியாது; திட்டத்துக்காக வேலை செய்யும் கடமை எவருக்கும் இல்லை என்று அரசமைப்பே சொல்கிறது. டெபியனில் சேர்க்கப்படும் மென்பொருள் தொகுப்பான ஒரு பொதியைப் பற்றிய முடிவு அதன் பராமரிப்பாளருடையது. அவர் முடிவை மாற்றவேண்டுமானால் தொழில்நுட்பக் குழுவில் ஒன்றுக்கு மூன்று என்ற பெரும்பான்மை வேண்டும். அதற்கும் மேலே, உருவாக்குநர்கள் அனைவரும் வாக்களிக்கும் பொதுத் தீர்மானம் இருக்கிறது; விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு வாக்களிக்கும் முறை அது. மேல்முறையீட்டுப் படிகள் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட திட்டங்கள் சிலவே. முடிவெடுக்க நீண்ட காலம் ஆகும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. பலர் நெடுங்காலம் சேர்ந்து வாழவேண்டிய இடத்தில் அந்த விலை நியாயமானது என்று நான் கருதுகிறேன்.

1999இல் நிறுவப்பட்ட அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை, பல திட்டங்களுக்குப் பொதுவான ஒரே நெறியைக் கொண்டது. நிறுவனங்களுக்கு அங்கே இருக்கை இல்லை. தனிமனிதர்களாகவே எவரும் பங்கேற்கமுடியும். தொடர்ந்து நல்ல பணி செய்பவரைத் திட்டத்தின் மேலாண்மைக் குழு வாக்களித்து, நிரலை நேரடியாக இணைக்கும் உரிமையுள்ள கமிட்டராக அழைக்கிறது. பின்னர் அந்தக் குழுவுக்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறது. வேலை மாறினாலும் அந்தத் தகுதி அவருடனேயே செல்கிறது.

ரஸ்ட் மொழியில் தனித் தலைவர் இல்லை. மொழி, கம்பைலர், நூலகங்கள், ஒழுங்குநெறி என்று குழுக்கள் பலவாகப் பிரிந்து பொறுப்பேற்கின்றன. 2021 நவம்பரில் ஒழுங்குநெறிக் குழு முழுவதும் ஒரே நாளில் பதவி விலகியது. மையக் குழு எவருக்கும் பதில்சொல்லக் கடமைப்படாத இடத்தில் இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதன்பின் நெடிய உழைப்பில் புதிய அமைப்பு வகுக்கப்பட்டு, 2023 ஜூனில் மையக் குழுவின் இடத்தில் தலைமைக் கவுன்சில் அமர்ந்தது. உயர்நிலைக் குழுக்கள் ஒவ்வொன்றும் தம் சார்பாளரை அதற்கு அனுப்புகின்றன. எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும், மேலே இருப்பவர்கள் விதியை மீறினால் கேட்பது யார் என்ற கேள்வியை எழுப்பிப் பாருங்கள். விடை இல்லாத திட்டங்கள் நல்ல மனிதர்களின் நல்ல எண்ணத்தை மட்டுமே நம்பி நிற்கின்றன.

நிறுவனம் ஒன்றே நடத்தும் திட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிரல் திறந்திருக்கும், முன்னுரிமைகள் நிறுவனத்துக்குள் முடிவாகும். பிழைத்திருத்தங்கள் நன்கு வரவேற்கப்படலாம். பெரிய வசதி ஒன்றைச் சேர்க்க விரும்பினால் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். இன்னும் ஒரு படி மேலே, எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் போல, பதிப்புரிமை கோராமல் நிரலைப் பொதுவில் விட்டுவிட்டு, வெளியார் எழுதிய நிரலை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே அறிவிக்கும் திட்டங்களும் உண்டு. அங்கே உங்கள் பங்களிப்பு தெளிவான பிழையறிக்கையாகவே இருக்கமுடியும். அதை முன்பே அறிந்தால் வீண் உழைப்பைத் தவிர்க்கலாம்.

படி 4: ஒரு பழைய சர்ச்சையை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். விதிகள் எழுதப்பட்டபடியே நடக்கின்றனவா என்பது அமைதியான நாட்களில் தெரியாது. கருத்து வேறுபாடு முற்றிய ஒரு முடிவை எடுத்து, முதல் மடலிலிருந்து இறுதி அறிவிப்புவரை படித்தால், ஆவணத்தில் உள்ள அதிகாரமும் நடைமுறையில் உள்ள அதிகாரமும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே விலகுகின்றன என்று தெரிந்துவிடும்.

டெபியனில், கணினி தொடங்கும்போது மற்ற சேவைகளை இயக்கும் இயல்புநிலைத் தொடக்க அமைப்பாக எதை வைப்பது என்ற விவாதம் இதற்கு மிக ஏற்றது. தொழில்நுட்பக் குழுவின் எட்டு உறுப்பினர்கள் சமமாகப் பிரிந்து நிற்க, 2014 பிப்ரவரியில் குழுத் தலைவரின் தீர்வு வாக்கால் சிஸ்டம்டி என்ற அமைப்பு தேர்வானது. அதோடு முடியவில்லை, அதே ஆண்டு பொதுத் தீர்மானம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது, முடிவை ஏற்காத ஒரு பகுதியினர் டெவுவான் என்ற கிளைத்திட்டத்தை அறிவித்தார்கள், 2019இல் மீண்டும் ஒரு பொதுத் தீர்மானம் நடந்தது. மடல்கள் அனைத்தும் பொதுவில் உள்ளன. அவற்றைப் படிக்கும்போது, பேசியவர்களில் யாருக்கு வாக்கு இருந்தது, வாக்கு இல்லாத யாருடைய சொல் மற்றவர்களின் நிலையை மாற்றியது, செயல்படும் நிரலைக் காட்டியவருக்கும் கொள்கையை மட்டும் பேசியவருக்கும் எப்படிப்பட்ட பதில்கள் வந்தன என்று கவனியுங்கள். கடைசிச் சொல்லைச் சொன்னவர் எந்த அதிகாரத்தின் பெயரால் அதைச் சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தோற்றவர்கள் அடுத்த ஆண்டும் அதே திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்களா என்று தேடுங்கள். ஓர் ஆட்சிமுறை நல்லதா என்பதற்கு நான் முதன்மையாகப் பார்க்கும் அடையாளம் அதுவே.

படி 5: ஒப்புதலின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

பல திட்டங்களில் +1, 0, -1 என்ற குறிகளால் கருத்தைச் சொல்கிறார்கள். அப்பாச்சியில் இவற்றின் பொருள் துல்லியமானது. நிரல் மாற்றம் ஒன்றுக்கு வாக்குரிமை உள்ள ஒருவர் -1 சொன்னால் அது வீட்டோ, மாற்றம் நின்றுவிடும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாத வீட்டோ செல்லாது. ஒரு பதிப்பை வெளியிடுவதற்கோ குறைந்தது மூன்று +1 வேண்டும், ஆதரவு எதிர்ப்பைவிட அதிகமாக இருக்கவேண்டும், வீட்டோவுக்கு அங்கே இடமில்லை. வாக்கெடுப்பு வழக்கமாக 72 மணி நேரம் திறந்திருக்கும், உலகின் எந்த நேர மண்டலத்தில் இருப்பவருக்கும் பார்க்க வாய்ப்புக் கிடைக்கவேண்டும் என்பதற்காக. வாக்குரிமை இல்லாத நீங்களும் கருத்தைச் சொல்லலாம். அது எண்ணிக்கையில் சேராது, ஆனால் படிக்கப்படும்.

மௌனத்தின் பொருளும் இடத்துக்கு இடம் மாறும். ‘இதைச் செய்யப்போகிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்’ என்று அறிவித்துவிட்டு, குறித்த காலத்தில் எவரும் மறுக்காவிட்டால் தொடரலாம் என்ற வழக்கம் சில திட்டங்களில் உண்டு. வேறு சிலவற்றில் மௌனம் என்றால் எவரும் இன்னும் படிக்கவில்லை என்று மட்டுமே பொருள். உங்கள் திட்டத்தில் எது என்று தெரியாதவரை, ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, ஒரே ஒரு முறை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

படி 6: சிறிய மாற்றத்தை நேரே அனுப்புங்கள், பெரியதை முன்மொழிவாக எழுதுங்கள்

முதல் பங்களிப்பு சிறியதாக இருப்பது நல்லது. எழுத்துப்பிழைத் திருத்தம், விடுபட்ட சோதனை, மீண்டும் நிகழ்த்திக்காட்டக்கூடிய பிழைக்கான தீர்வு ஆகியவற்றுக்கு எவருடைய முன் அனுமதியும் தேவையில்லை. நிரலைவிட முக்கியமாக, அந்தத் திட்டத்தில் ஒரு மாற்றம் எந்தக் கைகள் வழியாகச் சென்று சேர்கிறது என்பதை இந்தச் சிறு பயணம் உங்களுக்குக் காட்டிவிடும்.

பயனர்களின் பழக்கத்தை மாற்றும் எதையும், அல்லது பின்னால் விலக்கிக்கொள்ள முடியாத எதையும், நிரலாக அனுப்புமுன் முன்மொழிவாக எழுதவேண்டும். பைதானில் அது பிஇபி. மைய உருவாக்குநராக இல்லாதவர் எழுதினால், மைய உருவாக்குநர் ஒருவர் ஆதரவாளராக முன்வரவேண்டும். ரஸ்டில் அது ஆர்எஃப்சி. உரிய குழு தன் நிலைப்பாட்டை அறிவித்தபின் பத்து நாள் இறுதிக் கருத்துக் காலம் ஓடும். குபர்னெடிஸில் கேஇபி. பெயர் எதுவாயினும் நல்ல முன்மொழிவுகளில் ஒரு பொதுத்தன்மை காண்பீர்கள். சிக்கலை முதலில் நிறுவுகிறார்கள், தீர்வைப் பின்னர் சொல்கிறார்கள், கைவிட்ட மாற்று வழிகளையும் அவற்றைக் கைவிட்ட காரணத்தையும் மறைக்காமல் எழுதுகிறார்கள். மறுக்கக்கூடியவர் என்ன சொல்வார் என்று படி 4இல் நீங்கள் கற்றிருப்பீர்கள். அவருடைய மிக வலிமையான மறுப்பை நீங்களே எழுதி, அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். பராமரிப்பாளர்கள் ஒரு வசதியை ஏற்கும்போது, அதை எழுதியவர் போனபின்னும் பல ஆண்டுகள் அதைத் தாங்கும் சுமையையும் சேர்த்தே ஏற்கிறார்கள். அந்தச் சுமையை யார் சுமப்பது என்பதற்கு உங்கள் முன்மொழிவில் விடை இருந்தால், உரையாடலின் தொனியே மாறிவிடும்.

படி 7: மறுப்பு வந்தால் என்ன செய்வது

முதலில் காரணத்தைக் கேளுங்கள். தொழில்நுட்பக் காரணமா, திட்டத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதாலா, நேரமின்மையா என்று பிரித்துக்கொண்டால்தான் அடுத்த அடி தெரியும். நேரமின்மைதான் காரணம் என்றால், பிறருடைய மாற்றங்களைச் சரிபார்த்துக் கொடுப்பதே உங்களுடைய மாற்றம் முன்னே செல்லச் சிறந்த வழி. மேல்முறையீட்டுக்கு எழுதப்பட்ட வழி இருந்தால் அதைப் பயன்படுத்தத் தயங்கவேண்டாம். ஆனால் அதே வாதத்தை இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவது மேல்முறையீடு ஆகாது. புதிய சான்றோ, விதி மீறப்பட்டது என்பதற்கான ஆதாரமோ கையில் இருக்கவேண்டும்.

கிளைத்திட்டம் தொடங்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் நிரலைப் பிரதியெடுப்பதால் மட்டும் எதுவும் மாறிவிடாது. பராமரிப்பவர்கள் உடன்வந்தால்தான் கிளை வாழும். 2014 டிசம்பரில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ் திட்டத்தின் முக்கியப் பங்களிப்பாளர்கள் பலர், ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலும் மெதுவான வெளியீடுகளிலும் நிறைவடையாமல், ஐஓ.ஜேஎஸ் என்ற கிளையைத் தொடங்கினார்கள். வேலை செய்பவர்களே அங்கே போய்விட்டதால் அந்தக் கிளைக்கு உண்மையான வலிமை இருந்தது. 2015இல் நடுநிலையான அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த நோட்.ஜேஎஸ் 4.0 பதிப்பில் இரு நிரல்களும் ஒன்றாயின. கிளையில் உருவான திறந்த ஆட்சிமுறையும் திரும்பி வந்தது. ஜிசிசி கம்பைலரும் 1997இல் பிரிந்து, 1999இல் பிரிந்த கிளையே அதிகாரப்பூர்வத் திட்டமாக ஏற்கப்பட்ட வரலாறு கொண்டது. இந்த இரண்டிலும் பிரிந்தவர்கள் ஆட்சிமுறையையே மாற்ற விரும்பினார்கள். தனி ஒரு வசதி ஏற்கப்படவில்லை என்பதற்காகப் பிரிவது பெரும்பாலும் இரு தரப்புக்கும் இழப்பு.

படி 8: பொறுப்பு உங்களைத் தேடி வரும்போது

ஓராண்டு, ஈராண்டு தொடர்ந்து பணி செய்தால் இணைக்கும் உரிமை உங்களுக்கு முன்வைக்கப்படலாம். பைதானில் மைய உருவாக்குநராக, ஏற்கெனவே இருப்பவர்களின் வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். குபர்னெடிஸில் முதல்நிலை உறுப்பினராவதற்கே இருவர் பரிந்துரைக்கவேண்டும், அவர்கள் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது. அழைப்பை ஏற்குமுன், எதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டும், விலக விரும்பினால் நடைமுறை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். கௌரவமாக ஓய்வுபெற வழி இல்லாத இடங்களில் நல்லவர்கள் சோர்ந்து மௌனமாக மறைகிறார்கள்.

நம்பிக்கையை எப்படிக் கொடுப்பது என்பதும் இனி உங்கள் பொறுப்பு. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவி பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருந்தது, ஆனால் அதைத் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்தவர் ஒருவரே. புனைபெயரில் வந்த ஒருவர் பயனுள்ள மாற்றங்களைத் தொடர்ந்து அனுப்பி, பொறுப்பைப் பகிருமாறு வேறு கணக்குகளிலிருந்து வந்த அழுத்தத்துக்கு நடுவே, இணைப் பராமரிப்பாளர் ஆனார். பின்னர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணினிக்குள் ரகசியமாக நுழைய உதவும் கள்ளவழி நிரல் நுழைக்கப்பட்டது. 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான வழியில் நுழைவது சில நூறு மில்லிவிநாடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப்போய் அதைக் கண்டுபிடித்தார். சோர்ந்த பராமரிப்பாளரைக் குற்றம் சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. இவ்வளவு பேர் நம்பியிருந்த மென்பொருளில் இரண்டாவது கண் இல்லாமல் போனதே கேடு. வெளியீடு ஒவ்வொன்றுக்கும் இருவர் ஒப்புதல் என்ற எளிய விதியும், அவசரப்படுத்துகிறவருக்குப் பொறுப்பை ஒருபோதும் தராமல் இருப்பதும் எந்தச் சிறு திட்டத்தாலும் கடைப்பிடிக்கக்கூடியவை.

படி 9: சொந்தத் திட்டம் என்றால், இரண்டாவது பங்களிப்பாளர் வந்த அன்றே எழுதுங்கள்

தனியாக நிரல் எழுதும்வரை ஆட்சிமுறை தேவையில்லை. இன்னொருவர் தொடர்ந்து பங்களிக்கத் தொடங்கியதும் அரைப் பக்கம் போதும்: எது முடிவு, யார் எடுப்பது, கருத்து வேறுபாடு வந்தால் எத்தனை நாள் பேசுவது, அதன்பின் யார் தீர்ப்பது, இணைக்கும் உரிமை யாருக்கு எப்போது கிடைக்கும், எப்போது திரும்பப் பெறப்படும். நன்னடத்தை விதிகளைச் சேர்ப்பதானால், புகாரைப் பெறுபவர் பெயரும், அவரைப் பற்றியே புகார் என்றால் யாரிடம் போவது என்பதும் அதில் இருக்கட்டும். பெரிய திட்டங்களின் அரசமைப்பை அப்படியே பிரதியெடுக்கவேண்டாம். மூன்று பேர் இருக்கும் இடத்தில் தேர்தல் குழு வைப்பது வேலையைக் கெடுக்கும். உங்களால் இன்று உண்மையிலேயே கடைப்பிடிக்க முடிந்ததை மட்டும் எழுதி, ஆண்டுக்கொருமுறை திருத்துங்கள்.

தொடங்கியவர் இல்லாமல் போகும் நாளையும் அந்த அரைப் பக்கம் நினைவில் கொள்ளவேண்டும். விம் எடிட்டரை உருவாக்கிய பிராம் மோலனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஒருவரே இறுதி வாயிலாக இருந்த திட்டம் அது. நெடுநாள் உடன் உழைத்தவர்கள் இருந்ததால் பராமரிப்பு தொடர்ந்தது. உங்கள் திட்டத்தின் களஞ்சிய நிர்வாகக் கணக்கு, இணைய முகவரியின் பதிவு, வெளியீட்டுச் சாவி, பொதிக் களஞ்சியத்தில் பதிவேற்றும் உரிமை ஆகிய நான்கிலும் நீங்கள் நம்பும் இன்னொருவருக்கு அணுகல் இருக்கிறதா என்று சரிபார்த்து, அவர் பெயரை விதிக்கோப்பில் எழுதிவையுங்கள். அந்த அணுகல் உண்மையில் இயங்குகிறதா என்பதை அறிய, அடுத்த சிறு வெளியீட்டை நீங்கள் தொடாமல் அவரையே தொடக்கம் முதல் இறுதிவரை செய்யச் சொல்லுங்கள்.